மாவட்டம் காலியாக இருக்கட்டும்

இந்த நினைவு மலரை வாங்கிய கையோடு உறவினர்களில் பாதிப் பேர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வருவீர்கள் என்று தெரியும். அக்காவின் படத்துக்குக் கீழே, பிறந்த ஊர் கௌதள்ளி என்று இருக்கிறது. அதற்கடுத்த வரியில் மாவட்டம் என்று போட்டு, அதற்கு நேரே ஒன்றுமே இல்லை. அச்சகத்தார் மீது தப்பில்லை. அவர் கேட்கத்தான் கேட்டார், காலியாக விடச் சொன்னது நான். எங்கள் தம்பிக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்லவும் முடியாது.

அக்கா பிறந்தபோது கௌதள்ளி, மெட்ராஸ் ராஜதானியில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அது மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. இப்போது சாமராஜநகர் என்று தனி மாவட்டம் பிரித்து அதில் வைத்திருக்கிறார்கள். ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸும் அதே வழியாகத்தான் போகிறது.

அப்பா கட்டட வேலைக்காக எங்களை மைசூருக்கு அழைத்து வந்தார். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். மாலையில் படித்தார், தபாலில் படித்தார், படிப்படியாக அதே நூலகத்துக்கு நூலகராகவும் ஆனார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்ததும் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அக்காதான். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

அக்காவின் குணத்தை ஒரே வார்த்தையில் சொல்வதானால், கறார். காப்பி வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லிக் கேட்டவர் கிடையாது. எந்தக் கடைத்தூள், சிக்கரி எவ்வளவு, எந்த டம்ளர், எவ்வளவு சூடு என்று எல்லாவற்றையும் சொல்வார். ஒன்று குறைந்தாலும் டம்ளர் திரும்பி வந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் விஷயமும் அப்படித்தான். மாப்பிள்ளை இன்ன படிப்பு, இன்ன வேலை, மைசூரைவிட்டு நகரக் கூடாது, தம்பி தங்கையைச் சுமை என்று நினைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அடுக்கிவிடுவார். அத்தனையும் பொருந்துகிற ஆள் மைசூரில் பிறக்கவில்லை. அக்கா தனியாகவே இருந்துவிட்டார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு வருத்தம் இருந்தது.

இப்படிப்பட்ட அக்கா ஒரு புத்தகத்தைத் தொலைத்தார். அதுவும் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது.

வெள்ளைக்காரக் காட்டிலாகா அதிகாரி ஒருவர் எங்கள் பக்கத்துக் காட்டு மரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் அது. யாரோ எப்போதோ கல்லூரிக்கு நன்கொடையாகக் கொடுத்தது. வரும்போதே தலைப்புப் பக்கம் கிழிந்து போயிருந்ததால், அக்காவுக்கு முன்னால் இருந்த நூலகர் தாமாகவே "மைசூர் காட்டு மரங்கள்" என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்துப் பதிந்துவிட்டார். எழுதியவர் பெயரும் வருடமும் முன்னுரையின் அடியிலும், பதிப்பாளர் பெயர் கடைசிப் பக்கத்திலும் இருந்தன. வேறு பிரதி எங்கள் ஊரில் எந்த நூலகத்திலும் இல்லை. தையல் பிரிந்திருந்ததால் தம் கையாலேயே தைத்துவிடலாம் என்று அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. வீட்டைக் கழுவித் துடைத்தோம். எங்கள் வீட்டில் சரஸ்வதிக்கு வைக்கும் புத்தகங்களை மஞ்சளும் குங்குமமும் படாமல் இருக்கச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டி, மேலே பொட்டு வைப்பது வழக்கம். மறுநாள் மறுபூஜை முடியும்வரை கட்டைப் பிரிக்கக் கூடாது. காட்டு மரப் புத்தகத்தையும் அக்கா அந்தக் கட்டில் சேர்த்தார். எடைக்குப் போடவேண்டிய பழைய பேப்பரையும் அதே நூலால், அதே முடிச்சுப் போட்டு, அதே அளவில் கட்டி வைத்திருந்தார். அக்கா எதைக் கட்டினாலும் ஒரே மாதிரிதான் கட்டுவார். பொட்டு எந்தக் கட்டின்மேல் விழுந்தது என்பது மறுநாள் பிரித்தபோதுதான் தெரிந்தது. அந்த வருடம் நாங்கள் சரஸ்வதிக்குப் படைத்துக் கற்பூரம் காட்டியது பழைய பேப்பருக்கு. புத்தகங்கள் முந்தின நாளே பேப்பர்காரரின் தள்ளுவண்டியில் போய்விட்டிருந்தன.

அக்கா அலைந்த அலைச்சலை மார்க்கெட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். பேப்பர்காரரிடம் போனால் கட்டைப் பிரித்துக் கடைகளுக்கு விற்றாகிவிட்டது என்றார். பொட்டலம் மடிக்கிற காகிதத்தைப் பார்ப்பதற்காகவே அக்கா ஒவ்வொரு கடையிலும் எதையாவது வாங்கினார். வீட்டில் வேர்க்கடலை, ஊதுபத்தி, மல்லிகைப்பூ என்று குவிந்துபோனது. புத்தகத்தின் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை.

கல்லூரியில் அக்காவே போய் நடந்ததைச் சொன்னார். விலை மதிப்பிட முடியாத புத்தகம், அதே பதிப்பைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டியிருக்கும், அது தீரும்வரை ஓய்வூதியத் தாள்கள் நகராது என்றார்கள். விதி அதுதான். அக்காவும் அதை ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"பென்சன் போனாக்கூடப் பரவாயில்ல புள்ள. உங்க ரெண்டு பேருல ஒருத்தர் சோறு போடமாட்டீங்களா? புஸ்தகத்தைத் தொலைச்சவள்னு எழுதி அனுப்புவாங்களே, அத எப்படித் தாங்கறது?"

அந்த மாதங்களில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இந்தக் கவலையே அவரைக் கொண்டுபோய்விடுமோ என்று நான் பயந்தேன்.

கல்லூரியின் தாவரவியல் ஆசிரியைதான் வழி காட்டினார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் பழைய புத்தகக் கடைகள் தங்களிடம் இருப்பதையெல்லாம் இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கின்றன, அங்கே தேடிப் பாருங்கள் என்றார். எங்கள் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த சிவண்ணா அப்போதுதான் அதைப் பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அக்காவும் அங்கே போக ஆரம்பித்தோம். நான் அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள் என்பதால் கீபோர்டு என்னிடம். அக்கா பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

அந்தத் தளங்களில் சும்மா ஒரு வார்த்தை போட்டுத் தேடலாம். விரிவான தேடல் என்று இன்னொன்றும் உண்டு. அதைத் திறந்தால் எழுதியவர், தலைப்பு, பதிப்பாளர், வருடம், பைண்டிங், குறிச்சொல் என்று வரிசையாகக் கட்டங்கள் வரும். அக்காவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நூலக அட்டை மாதிரியே இருக்கிறதே என்றார். ஒரு கட்டம் விடாமல் நிரப்பச் சொன்னார். நிரப்பி அழுத்தினால், மெதுவாக, மிக மெதுவாக ஒரு பக்கம் இறங்கிவந்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லும்.

"அக்கா, கொஞ்சம் கட்டத்தை விட்டுட்டுப் பாக்கலாமுங்க."

"பாதி எழுதின கார்டை நான் ஒரு நாளும் பெட்டியில போட்டதில்ல. முழுசா அடி."

வாரா வாரம் இப்படியே போயிற்று. தளம் மாறும், கட்டங்கள் மாறும், பதில் மட்டும் மாறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவண்ணா உள்ளே எட்டிப் பார்த்து, தம் கன்னடத் தமிழில் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்.

"மேடம், கரண்ட் போற டைம் ஆயித்து. பேக முடிச்சிடுங்க."

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைவு. அக்காவைக் கேட்காமலேயே எல்லாக் கட்டங்களையும் அழித்தேன். எழுதியவரின் குடும்பப் பெயரை மட்டும் வைத்து அழுத்தினேன். பக்கம் பக்கமாகக் கொட்டியது. அந்தப் பெயரில் பாதிரியார் இருந்தார், சமையல் புத்தகம் எழுதியவர் இருந்தார், குதிரை வைத்தியர்கூட இருந்தார்.

"பாத்தியா? இதுல எங்கிட்டுன்னு தேடறது?" என்றார் அக்கா.

குறிச்சொல்லில் மைசூர் என்று சேர்த்தேன். மறுபடியும் ஒன்றும் இல்லை. "போதுமுங்கக்கா, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் புள்ள, இந்த ஆளு காடு சுத்துனப்ப நம்மூரு மைசூர்லயா இருந்துச்சு?"

"இல்லீங்களே."

"நான் பொறந்தப்பவே எந்த ஜில்லா?"

"கோயம்புத்தூருங்க."

"அப்ப அத அடி."

உட்கார்ந்து அடித்தேன். ஒரே ஒரு புத்தகம் வந்தது.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர்க் கடை. கோயம்புத்தூர் ஜில்லாக் காட்டு மரங்கள், கடைசியில் மடித்த வரைபடம், அட்டையில் கறை என்று போட்டிருந்தது. வருடமும் பதிப்பாளரும் போடவில்லை. கடைக்காரர் காலியாக விட்ட இடங்களையெல்லாம் நாங்கள் நிரப்பி நிரப்பித் தேடியிருக்கிறோம். போதாததற்கு யாரோ வைத்த பெயரைத் தலைப்பில் கொடுத்திருக்கிறோம். பிறகு எங்கிருந்து கிடைக்கும்?

நான் துள்ளிக் குதிக்காத குறை. அக்கா உடனே நம்பிவிடவில்லை. தைப்பதற்காக ஒவ்வொரு தாளையும் எடுத்து அடுக்கியவர் அவர். சந்தன மரத்தைப் பற்றிய பகுதி முடிகிற இடத்தில் ஒரு பக்க எண் தப்பாக அச்சாகியிருக்கும், அது அந்தப் பிரதியில் இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். கடைக்காரரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஆமாம், இருக்கிறது. இத்தனை வருடமாக இதை வைத்திருக்கிறேன், இன்றுவரை நான் கவனித்ததில்லை.

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் மகன் தன் கார்டில் பணம் கட்டினான். பார்சல் வந்த அன்று அக்காவே பிரித்தார். உள்ளே தலைப்புப் பக்கம் முழுசாக இருந்தது. அதன் உண்மையான பெயரைக் கல்லூரியில் யாருமே பார்த்ததில்லை. அக்கா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "இத்தன வருசம் வேற பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கோம்" என்றார். பிறகு புத்தகத்தை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் காப்பி போடு கண்ணு. எப்படி இருந்தாலும் சரி."

நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டுத்தான் காப்பி போட்டேன். அக்கா அதைத் திருப்பி அனுப்பாமல் குடித்தார்.

கல்லூரியில் சின்னத் தடங்கல் ஒன்று வந்தது. பதிவேட்டில் மைசூர் என்று இருக்கிறது, புத்தகத்தில் கோயம்புத்தூர் என்று இருக்கிறதே என்றார்கள். தாவரவியல் ஆசிரியை தம் பாடத்துக்காக முன்பு பழைய பிரதியிலிருந்து எடுத்துவைத்திருந்த ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து காட்டினார். அதிலும் அதே பக்க எண் தப்பு இருந்தது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அக்கா செய்த கடைசி வேலை, பழைய அட்டையை எடுத்துவிட்டுச் சரியான பெயரில் புதிய அட்டை எழுதி வைத்தது. ஓய்வூதியமும் தடையில்லாமல் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா எங்களோடு இருந்தது சில மாதங்கள்தான். ஆனால் அவை நல்ல மாதங்கள். நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், மலைக்குப் போய் மாதேஸ்வரனைக் கும்பிட்டு வந்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மருத்துவமனையில் சேர்த்தபோதும் அவர் முகத்தில் பழைய கவலை இல்லை. அந்தக் கவலையோடு போயிருந்தால் எங்களால் தாங்கியிருக்க முடியாது. அது தீர்ந்த பிறகு போனார் என்பதில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

கடைசி நாள் காலையில், "என்ன வேணுமுங்கக்கா?" என்று கேட்டேன்.

"காப்பி."

தூள், சிக்கரி, டம்ளர் என்று மீதியும் வரும் என்று காத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவ்வளவுதான் புள்ள. மத்ததெல்லாம் காலியா விடு."

அன்று மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அக்காவை வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கல்லூரித் தோழிகளுக்கும், தாவரவியல் ஆசிரியைக்கும், கௌதள்ளியிலிருந்து வேன் பிடித்து வந்த உறவுகளுக்கும் கைகூப்புகிறோம். கடையைப் பூட்டிவிட்டு வந்து தோள் கொடுத்த சிவண்ணாவுக்கும், பூவும் மாலையும் கொண்டுவந்து குவித்த மார்க்கெட்காரர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஆங்கிலேயக் கடைக்காரருக்கும் எழுதிப் போட்டோம். வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதியிருந்தார்.

இனி முதல் பக்கம். தம்பி சாமராஜநகர் என்று போடச் சொன்னான், இன்றைக்கு அதுதானே சரி என்றான். ஊர்ப் பெரியவர்கள் கோயம்புத்தூர் என்றார்கள். இந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தவருக்கு மைசூர் என்றுதான் போட வேண்டும் என்று கல்லூரிக்காரர்கள் சொன்னார்கள். மூன்றுமே சரிதான். ஆனால் ஒன்றைப் போட்டால், மற்ற இரண்டில் தேடுகிறவருக்கு அக்கா கிடைக்கமாட்டார். எங்கள் அக்காவை என்றைக்காவது யாராவது தேடுவார்கள். அப்போது அவர் கிடைக்க வேண்டும். அதனால்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.