பேர்ச் மரத்துக்குச் சிவப்புக் குழாய்த் தண்ணீர்

கோடையில் இங்கே குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் சுடுநீருக்கென்று சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத்தான் திறக்கவேண்டும். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் வெந்து கிடப்பதால் நீலக் குழாயில் கொதிநீர் வரும். ஆகவே ஹீட்டரை நிறுத்திவிட்டு, அதற்குள் ஆறிக்கிடக்கும் தண்ணீரைச் சிவப்பில் பிடிப்போம். வளைகுடாவுக்கு வந்த எவருக்கும் முதல் வாரத்திலேயே பழகிவிடும் விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் ஷார்ஜா வந்த அம்மாவுக்கு மட்டும் இது தெரியாது. குளிக்கிற வாளியை நானே நிரப்பி வைத்துவிடுவேன்.

அம்மா வந்தது நோர்வேயிலிருக்கும் அண்ணாவை இங்கே வைத்துப் பார்க்க. அகதியாகப் போனவன் ஊருக்கு வரமுடியாது; அம்மாவுக்கு அந்த நாட்டு விசா கிடைக்கவில்லை. நடுவில் துபாய் இருக்கிறதே என்று கண்டுபிடித்தவன் நான்தான். அம்மா வந்திறங்கிய வாரமே, அண்ணாவுக்கு இங்கே வர விசா இல்லையென்று பதில் வந்தது.

வீடியோ கோலில் அண்ணா எப்போதும் தன் வீட்டு முற்றத்தில் நட்ட குட்டைப் பேர்ச் மரத்தின் பக்கத்தில்தான் நிற்பான். வெள்ளைத் தண்டு, குடைபோலத் தொங்கும் கொப்புகள். அதே மாதிரி மரமொன்றையாவது அம்மாவுக்குக் காட்டிவிடும் வேகத்தில் இணையமெல்லாம் தேடி, ஒரு செடிக்கடையைப் பிடித்தேன். “ஏசி ஹை, பாய்?” என்று, ஏசி இருக்கிறதா என இந்தியில் கேட்டார் கடைக்காரர். என் ரூமில் நல்ல ஏசி, சுகமாக இருக்கிறேன் என்றேன். “உனக்கில்லை பாய், மரத்துக்கு” என்று சிரித்தார்.

வாங்கிவந்த கன்றைச் சாடியோடு ஹோல் ஜன்னலோரம் வைத்தேன். நான் டியூட்டிக்குப் போனபின் அம்மாதான் தண்ணீர் விட்டார். அக்டோபருக்குள் இலையெல்லாம் கருகிவிட்டது. ஒரு விடுமுறை நாள் மதியம் அவர் ஊற்றியபோது மண்ணிலிருந்து ஆவி பறந்தது.

“எந்தப் பைப்பில பிடிச்சனீங்கள்?”

“நீலத்திலதான். குளிர்நாட்டு மரத்துக்குச் சுடுதண்ணி விடுவனே? இஞ்சத்த பச்சைத்தண்ணியே இப்பிடிச் சுட்டால், மற்றது எப்பிடிக் கொதிக்கும் எண்டு நினைச்சன்.”

தண்டை நகத்தால் சுரண்டினேன். பட்டைக்குள் பச்சை இல்லை.

அன்று மாலை அண்ணா வீடியோ கோல் எடுத்தான். அவனுடைய மரத்திலும் ஓர் இலை இல்லை. அம்மா பதறிப்போனார்.

“பெரியவன், உன்ர மரமும் பட்டுப்போச்சே?”

“இல்லையம்மா, இது இலை கொட்டுற காலம். பனி கரையத் தளிர்த்திடும்.”

அம்மா திரும்பி எங்கள் சாடியைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

“கேட்டியே தம்பி? எறிஞ்சு போடாதை.”

அவர் ஊர் திரும்பிவிட்டார். நோர்வேயில் பனியும் கரைந்துவிட்டது. இன்று அம்மா ஊரிலிருந்து போன் எடுக்கிறார்.

“கொண்ணன்ர மரம் தளிர்த்திட்டுதாம். அங்க எப்பிடி?”

“இன்னும் இல்லையம்மா. இங்கத்தக் காலம் வேற.”

போனை வைத்துவிட்டு சிவப்புக் குழாயைத் திறக்கிறேன். கையை நீட்டிப் பார்க்கிறேன். நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் அந்தக் காய்ந்த குச்சிக்கு ஊற்றுகிறேன்.