மல்லாட்டை எண்ணெய் இல்லாத விருந்து

கடையைத் திறந்து சாக்குக் கட்டுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நயினாரின் ஊரான மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஆள், "பாய், நயினார் காலையில போயிட்டாரு" என்றார். எடுத்ததையெல்லாம் மறுபடி உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, அவரோடேயே பஸ் ஏறினேன்.

அப்பாண்டைராஜ் நயினார் வேர்க்கடலை வாங்கி விற்ற மல்லாட்டை மண்டிக்கும் என் சாக்குக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவருடைய சமணச் சாப்பாட்டு முறை, செஞ்சியில் வியாபாரம் செய்து இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். வெங்காயம், கிழங்கு தொடமாட்டார். பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. இலைமுன் உட்கார்ந்தால் பேச்சே கிடையாது. ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் விலை கேட்டு நச்சரித்தார். நயினார் நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "சாப்புடறப்ப பேசுனா சோறும் ருசிக்காது, பேச்சும் ருசிக்காது."

எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவர் வீட்டு மாவுருண்டையைத் தின்றே என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். என் வீட்டிலோ அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அரிசி கிடைக்காமல் ஊரே அலைந்த வருஷத்தில் என் தங்கையின் நிக்காஹ் வந்தது. அவரை விருந்துக்கு அழைத்து, அவர் மாட்டேன் என்றுவிட்டால், மறுநாள் எந்த முகத்தோடு பக்கத்துக் கடையில் உட்காருவது? என் மனைவிதான், "கூப்புடுங்க. சமைக்கறது என் பாடு" என்றாள். புதுச் சட்டி வாங்கினாள், தனி அடுப்பு மூட்டினாள். நயினாரும் வந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய திண்டிவனம் பஸ்தான் வரவில்லை. அவர்கள் கை நனைக்காமல் நாங்கள் பந்தி போடுவதில்லை. ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நயினார் வாய்விட்டுக் கேட்கிற ஆளில்லை. என் மனைவி யாரையும் கேட்காமல் அவருக்கு இலை போட்டாள்.

"சம்பந்திங்க வர்றதுக்கு முன்னாடி பந்தியா? இன்னா பழக்கம் இது?" என்று சீறினார் என் பெரியப்பா.

"அவங்க ராத்திரிகூட சாப்புடலாம். நயினார் அண்ணனால முடியாதே" என்றாள் என் மனைவி.

நயினார் சாப்பிட்டார். பாதியில் கை நின்றது.

"தங்கச்சி, மல்லாட்ட எண்ண வாசனையே இல்லையே?"

"அது மண்ணுக்குள்ள வெளையறதாச்சே அண்ணா. கெழங்கு மாதிரி உங்களுக்கு ஆவாதுன்னு எல்லாத்தையும் நெய்யிலயே பண்ணிட்டேன்."

"அப்ப இத்தினி வருஷமா மண்டில நான் இன்னாத்த கொறிச்சிக்கிட்டு இருக்கறேன்?"

சொல்லிவிட்டு, கையில் சோற்றோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இலைமுன் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். கை கழுவும்போது என்னிடம், "பாய், நான் உங்க வூட்ல சாப்புடமாட்டேன்னும் நீங்களாவேதான் முடிவு பண்ணிட்டீங்க. ஒருநாளாவது கேட்டீங்களா?" என்றார். கோபமில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு பெருநாளுக்குப் பெருநாள் பகலிலேயே வந்து, மல்லாட்டைச் சட்னியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: யார் மனதையும் நானாக முடிவு செய்யாமல் வாய்விட்டுக் கேட்டுவிடுவது. மேல்சித்தாமூரில் அவரைத் தூக்கும் நேரம் வந்தது. தள்ளி நின்றிருந்த நான் அவர் மகனிடம் போய், "தம்பி, நானும் நயினாருக்குத் தோள் குடுக்கலாமா?" என்று கேட்டேன். அவன் நகர்ந்து இடம் விட்டான்.