விரிப்பின் மறுமுனை

துக்க வீட்டுக்கு வந்து, "எல்லாம் விதி, மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, டீ வருகிறதா என்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களைக் கண்டால் மடிப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாய்ப்பந்தல் போட வந்துட்டாங்க" என்று முணுமுணுப்பாள். அவர்கள் காதில் விழுந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

அவள் ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகள் இயந்திரத்துக்குள் புரண்டு, வெந்து, உலர்ந்து வெளியே வந்து விழும். மடிப்பது அவள் பாடு. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக ஒழுங்காய் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, மேலே தூக்கி உதறி, மூலையோடு மூலை சேர்த்து, எதிரெதிரே நடந்து வரவேண்டும். இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டதால் அவள் மடிப்பக்கா ஆனாள். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

அவளுடைய வைத்தியமும் இந்த விரிப்புதான். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அழக்கூட முடியாமல் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள். மடிப்பக்கா வீட்டுக்கு எடுத்து வந்திருந்த மூட்டையைப் பிரித்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்களேன், எனக்குக் கை எட்டல" என்றாள். அந்தப் பெண் எழுந்து பிடித்தாள். நாலைந்து மடித்ததும் விரிப்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்று ராத்திரி சாப்பிட்டாள். அதிலிருந்து எங்கே சாவு விழுந்தாலும், சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு மடிப்பக்காவுக்குத்தான் ஆள் வரும்.

இந்த முறை வந்தவன் கணக்கு டீச்சரின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். டீச்சருக்கு ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை செய்த பெண், ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவள் திரும்பவில்லை.

"அக்கா தண்ணியைத் தவிர எதையும் தொடமாட்டேங்குது. உள் ரூமுல இருந்து அவ கூப்பிடுறாளாம். 'இதோ வரேன்'னு பதில் வேற சொல்லுது. எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு லோடு ஏத்தியே ஆகணும். தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

"நீ போப்பா, நான் இருக்கேன்" என்றாள் மடிப்பக்கா. போகும் வழியில் சலவை நிலையத்தில் கைக்கு வந்த மூட்டையை எடுத்துக்கொண்டாள். அங்கேதான் சறுக்கினாள்.

பட்டப்பகல். தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். டீச்சர் கட்டிலில் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். மின்விசிறி ஓடவில்லை. மகளுடைய அறைக்கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே வெளிச்சம் இருந்தது, ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்க மடிப்பக்காவுக்கு என்னவோ போலிருந்தது. வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"கேக்குதா? கூப்பிடுறா" என்றார் டீச்சர்.

"யாரும் இல்ல டீச்சர்." எல்லா வீட்டிலும் அவள் அதைத்தான் சொல்வாள். பொய்யான ஆறுதல் நாள்பட்டால் புண்ணாகிவிடும் என்பது அவள் கட்சி. "இங்க நானும் நீங்களும்தான். எழுந்து வாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். விரிப்பின் ஓரத்தில் நீலக் கோடு ஓடியது. அப்போதுதான் மடிப்பக்காவும் அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மூட்டை.

"இதைத்தான் அவ மூஞ்சி வரைக்கும் இழுத்துப் போத்தினாங்க" என்றார் டீச்சர். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "அவளைக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்க, இல்ல?"

சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மடிப்பக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் சாவு வீடு மிதித்தவளுக்கு இந்தப் புத்திகூட இல்லையா? பேசினால் இன்னும் கெடும். சட்டென்று மடித்து மறைத்துவிடலாம் என்று, பழக்கதோஷத்தில் இரண்டு மூலைகளைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி உதறினாள். விரிப்பு புடைத்து எழுந்து முன்னால் இருந்த எல்லாவற்றையும் மறைத்தது.

மறுமுனை கீழே இறங்கவில்லை.

அந்தரத்தில் விறைப்பாக நின்றது. அடடா, டீச்சர் எழுந்துவிட்டார் என்று நினைத்து அவளுக்கு மனம் நிறைந்துபோயிற்று. தூக்கிய கைகளோடு அப்படியே நின்றாள். மறுபக்கத்திலிருந்து வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு வந்தது. மூச்சுச் சத்தம் இல்லை, வளையல் சத்தம் இல்லை. திரும்பவும் அதே போல இரண்டு.

"டேய், சும்மா இரு!" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

விரிப்பு சட்டென்று தளர்ந்து விழுந்தது. எதிரே ஆள் இல்லை. டீச்சர் கட்டிலில்தான் கிடந்தார். ஆனால் இந்தப் பக்கம் திரும்பி, கண்ணை அகல விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் கிடந்த மறுமுனையின் இரண்டு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, கச்சிதமாகச் சேர்ந்திருந்தன.

மடிப்பக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரை 'டேய்'ன்னீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"என் பையன். இப்படித்தான் இழுத்து விளையாடுவான். ஒரு விரிப்பை ஒழுங்கா மடிக்க விடமாட்டான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"இல்ல டீச்சர். ஒன்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அப்புறம்தான் நான் இந்த ஊருக்கே வந்தேன்."

"இங்க யாருகிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கல."

ஊரார் கண்ணீரையெல்லாம் துடைத்தவளுக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்படியும் அடங்காமல் உடம்பு குலுங்கியது.

கட்டில் கிறீச்சிட்டது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தள்ளாடிக்கொண்டே சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். "குடிங்க" என்றார். வகுப்பறையில் பேசுகிற குரல். மடிப்பக்கா குடித்து முடிக்கும்வரை, ஒரு கையை அவள் தோளில் வைத்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"அவன் எப்படி இருப்பான்?"

"கறுப்பா, ஒல்லியா. பல்லு ரெண்டு பெரிசு."

டீச்சர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பாதி சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இப்ப அந்தப் பக்கம் பிடிச்சது உங்க பையனா, என் பொண்ணா?"

யாரும் இல்லை என்று சொல்ல மடிப்பக்காவுக்கு வாய் வரவில்லை. "தெரியல டீச்சர்."

"யாரா இருந்தா என்ன? வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிருக்கு" என்று குனிந்து, சேர்ந்து கிடந்த அந்த மூலைகளைக் கையில் எடுத்தார் டீச்சர். "எழுந்திருங்க. மீதியை நாமதான் மடிக்கணும்."