சத்தமில்லாமல் வந்த மினிபஸ்

தென் பசிபிக்கில் இதுவரை முளைத்த காதுகளிலேயே தலைசிறந்த காது சமபுலா பேட்டை உர்மிளாவுடையது. டோங்கா பக்கம் திமிங்கிலம் தும்மினால், சளியா சும்மா தும்மலா என்று தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட காதுக்கு ஒரே எதிரி, மகன் கிருனேஷ் மினிபஸ்ஸில் ஓடவிடும், தாளமே தாளமாக அடிக்கும் ஹவுஸ் மியூசிக் கேஸட்.

அந்த ஊரில் மினிபஸ் டிரைவருக்கு டிரைவர் ஒரு பாட்டு உண்டு. ஹாரன் தேவையில்லை. மேட்டில் ‘தும் தும்’ கேட்டதுமே சந்துக்குள் இருக்கிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட கிருனேஷ் மாமாவின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

“பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சும்மா.”

“பாடுறவ எங்க?”

“வருவா. அவசரப்படாத.”

“அவ வர்றதுக்குள்ள எனக்குக் காரியம் பண்ணிடுவாங்க!”

ஒரு வியாழக்கிழமை அவன் குளிக்கப்போன நேரம் பார்த்து, கேஸட்டை உருவி அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள்.

மறுநாள் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்லிமென்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்தார்கள். டவுனில் கடைகள் எரிந்தன. வேலை பார்த்த தையல் ஃபேக்டரியை மூடிவிட, உர்மிளா நடந்தே வீடு வந்தாள். கிருனேஷைக் காணோம்.

“லாரியில ஆளுங்க வர்றாங்களாம், நம்ம இந்தியக்காரங்க வீடுங்களைத்தான் தேடுறாங்களாம்” என்று பக்கத்து வீட்டு சுஷீலா வேலி வழியாகக் கிசுகிசுத்துவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

பொழுது சாய்கிற நேரம், சந்துக்குள் ஒரு எஞ்சின் சத்தம். பாட்டு இல்லை. மெதுவாக வந்து வாசலிலேயே நின்றது. யாரோ கதவை உலுக்கினார்கள். உர்மிளா கரும்புக் கத்தியை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நான்தான்.”

கத்தி கீழே இறங்கியது.

“கேஸட்டக் குடும்மா. டவுன்ல மாட்டிக்கிட்டவங்க வண்டி நிறைய உட்கார்ந்திருக்காங்க. பாட்டில்லாமப் போனா ஒருத்தரும் கேட்டைத் திறக்கல. திறங்கன்னு கத்தினா இன்னும் பயப்படுறாங்க. கோடி வீட்டு அப்பு மாமா கல்லை விட்டெறிஞ்சாரு.”

அவள் அரிசியைக் கிளறி எடுத்து, தவிடு போக ஊதினாள்.

“போகாதடா.”

“வண்டியில இருக்கிற ரஞ்சீதா மாசமா இருக்காம்மா. நடுரோட்டுல இறக்கிவிடவா?”

கிருனேஷுக்குப் பயம் என்பதே கிடையாது. விசிலடித்துக்கொண்டே போனான்.

உர்மிளா ஜன்னலோரம் காதை வைத்தாள். ‘தும் தும்’ இறக்கத்தில் போயிற்று. வளைவில் அமுங்கியது. மறுபடி கேட்டது. எங்கோ ஒரு கேட் கிறீச்சிட்டது. அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்று ஊரில் யாருக்கும் தெரியாத நாள் அது. இந்தப் பாட்டில் மட்டும் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்தது. விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அவளும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டாள். அப்புறம் அந்தப் பாடுகிறவள் வந்தாள். ஒரே வரிதான். தூரத்து வாசலிலிருந்து யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. இத்தனை நாள் இவளையா திட்டினோம் என்று இருந்தது.

திடீரென்று எல்லாம் நின்றது.

 உர்மிளா கத்தியை எடுத்தாள், வைத்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள்.

தும்.

வண்டி வந்து சேர்ந்ததும் சட்டையைப் பிடித்தாள். “ஏன்டா நிறுத்தின?”

“ஒரு பக்கம் முடிஞ்சிருச்சும்மா. திருப்பிப் போட்டேன்.”

அதற்கப்புறம் பாதிச் சந்து சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் போய்விட்டது. கிருனேஷுக்கும் விசா வந்துவிட்டது. எந்தக் கேஸட்டை வேண்டுமானாலும் கொண்டுபோ, அதை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டாள். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் தைக்கிறாள்.

இதுவரை எழுதியதை நான் படித்துக் காட்டினபோது மெஷினை நிறுத்தினாள்.

“கிருனேஷுக்குப் பயமே கிடையாதா? விசில் வேற அடிச்சானா? அரே, அன்னைக்கு என் கையை விடாம, ‘நீயும் வண்டியில வந்துரும்மா’ன்னு அழுதது யாருடா, கிருனேஷ்?”