நைனா அடைகாத்த குண்டு

போன வாரம் எங்கள் வீட்டுத் தோட்டச் சுவரை இடிக்க ஜேசிபி வந்தது. தெருக் கால்வாய் அகலமாகிறது, சுவர் இரண்டடி உள்ளே தள்ளி வரவேண்டும். நைனா பத்து நாள் எடுத்துக் கட்டிய சுவர், நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. அடுத்து சுவரின் அஸ்திவாரமான கடக்காலைக் கிளறும்போது சத்தம் சட்டென்று நின்றது. டிரைவர் வாசலுக்கு வந்தார்.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க. அடியில ஒண்ணு கெடக்குது. எனக்கு பயமா இருக்குது."

என்ன கிடக்கும் என்று எனக்குப் போகாமலேயே தெரியும். ஆனாலும் போனேன். கிளறிப்போட்ட ஈர மண்ணின் வாசனை ஒன்று வந்தது பாருங்கள், அது என்னை இருபத்தாறு வருஷம் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் நைனாவுக்கு இந்த மூன்று சென்ட் மனைக்குப் பட்டா கிடைத்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னாலிருந்த முள்காட்டைத் திருத்திப் பிரித்துக் கொடுத்த மனைகளில் ஒன்று. வாழ்நாள் பூராவும் அடுத்தவர் வரப்பிலேயே நடந்த மனுஷனுக்கு அது முதல் சொந்த மண். வீடு முடிந்ததும் மிச்ச இடத்தில் கத்திரி போட்டார். தெரு ஆடுகள் வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போயின.

"சொவரு ஒண்ணு வெச்சிடணும்டா," என்றார். "ஆட்டுக்கோசரம் மட்டும் இல்ல. நம்ம எடம் எதுவரைக்கும்னு நானே கண்ணால பாக்கணும்."

மேஸ்திரியும் சித்தாள் அஞ்சலையும் வந்தார்கள். நூல் கட்டி, கடக்கால் எடுத்தார்கள். சனி மூலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நவதானியம் போடுவதற்காக மேஸ்திரி இன்னும் ஒரு சாண் தோண்டினார். கடப்பாரை ணங் என்றது. மண்ணை ஒதுக்கினால், துருப்பிடித்த ஒரு இரும்பு உருண்டை.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கோட்டைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளமாக எது தெரிந்தாலும் சுரங்கம், உருண்டையாக எது கிடைத்தாலும் பீரங்கிக் குண்டு. எங்கள் சின்னம்மா வீட்டுக் கக்கூஸ் குழியைக்கூட மேலே ராஜகிரிக் கோட்டைக்குப் போகும் சுரங்க வழி என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

"பீரங்கிக் குண்டுதாண்ணே," என்றார் மேஸ்திரி. "உள்ள வெடிமருந்து இருந்தாலும் இருக்கும்."

எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். நான் இரண்டடி.

நைனாவின் பயம் மருந்தைப் பற்றி இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஆபீஸ்ல கீற. சொல்லு. பழங்காலத்து சாமான் கெடைச்சா நெலத்த எடுத்துக்குவாங்களாமே, மெய்தானா?"

நான் அப்போது ஒரு ஆபீசில் தபால் உறை ஒட்டும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆபீசில் இருக்கிறவன் தெரியாது என்று சொல்லக் கூடாதே. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வாய்ப்பு இருக்குது நைனா," என்றேன்.

அவ்வளவுதான். வேலை நின்றது. நைனா ஒரு மூங்கில் கூடையை எடுத்துக் குண்டின் மேல் கவிழ்த்தார். பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். யார் கேட்டாலும், "கோழி அட வெச்சிருக்குது, கிட்ட வராத," என்று விரட்டினார். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம், "இன்னா மாமா, குஞ்சு பொரிச்சிதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வந்த சிரிப்பு திரும்பிப் போய்விடும். பட்டாவை மடித்து இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை அஞ்சலை வந்தாள். வேலை நின்றதில் அவளுக்குத்தான் கோபம்.

"எழுந்திருங்க பெரிப்பா. உங்க கோழிய நானும் பாக்கறேன்."

"தொடாதம்மா. உள்ள மருந்து இருக்குது."

"இருந்திருந்தா மேஸ்திரி குத்துன குத்துக்கு அன்னிக்கே வெடிச்சிருக்கும்."

கூடையைத் தூக்கினாள். குண்டின்மேல் தண்ணீர் ஊற்றி, செங்கல் துண்டால் பாத்திரம் தேய்ப்பது மாதிரி பரபரவென்று தேய்த்தாள். துரு கரைந்து செம்மண் குழம்பாக ஓடியது. குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் பெரிப்பா, அந்தக் காலத்து ராசா கிலோ கணக்குலயா சுட்டாரு?"

இங்கிலீஷில், தெளிவாக, ஐந்து கிலோ என்று புடைப்பெழுத்து. பள்ளிக்கூடத்தில் குண்டு எறிகிறார்களே, அந்தக் குண்டு.

நைனா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். இடுப்பிலிருந்த பட்டாவையும் தடவினார். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மே, களி இருக்குதா?" மூன்று உருண்டை சாப்பிட்டார்.

அந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்பதாவது படிக்கும்போது நான் அந்தக் குண்டை எறிந்தால் என் கால் பெருவிரலைத் தாண்டாது. வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு போய் முள்காட்டில் பள்ளம் தோண்டிப் புதைத்தேன். எடுத்தவன் ஒத்துக்கொள்ளாததால் பி.டி. மாஸ்டர் வகுப்பையே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டார். நானும் ஓடினேன். எவன் எடுத்தானோ என்று திட்டிக்கொண்டே ஓடினேன்.

"ஸ்கூல்ல குடுத்துட்டு வந்துடலாமாடா?" என்று கை கழுவியபடி கேட்டார் நைனா.

பி.டி. மாஸ்டர் அப்போதும் அங்கேதான் இருந்தார்.

"வேணாம் நைனா. சனி மூலையில கெடைச்சத சனி மூலையிலயே வெச்சிடணும்னு சொல்லுவாங்க." யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"அதுவும் சரிதான். எனக்கு பயங்காட்டுனவன், இனிமே காவலுக்குக் கெடக்கட்டும்," என்று அவரே அதைக் கடக்காலில் இறக்கி, மேலே முதல் கருங்கல்லை வைத்தார்.

இதையெல்லாம் டிரைவரிடம் சொன்னேன், நான் புதைத்ததை மட்டும் விட்டுவிட்டு. அவர் குண்டைக் கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிலோ எங்க சார் போட்டிருக்குது?"

இல்லை. துரு தின்றுவிட்டது. மேஸ்திரி இல்லை, பி.டி. மாஸ்டர் இல்லை. அஞ்சலை மகளோடு திருப்பூர் போய்விட்டாள். நைனா போய் நான்கு வருஷம்.

"அப்புறம் ஸ்கூல் குண்டுன்னு எப்பிடி சார் அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

"நாந்தாம்பா பொதச்சேன்."

சொல்லிவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து, யாரோ நில் என்று சொல்லி ஓட்டத்தை நிறுத்தியது மாதிரி மூச்சு விட்டேன். டிரைவர் சிரிக்கக்கூட இல்லை. "அப்ப சரி. புதுக் கடக்கால்லயே போட்டுட்றேன் சார்," என்று வண்டியில் ஏறினார்.

நைனாவிடம் சொல்லியிருந்தால் அந்தக் கூடையைத் தூக்கி என் தலையில் கவிழ்த்திருப்பார். எங்கே போயிற்றோ, அந்தக் கூடையும் இப்போது இல்லை.