கேர்ணல் பிளாக்கை ஏசிய குரல்

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்து வந்தால் நான் எங்கள் வீட்டுக்குப் போவதில்லை. லிப்ற்றில் ஏழாம் மாடிக்குப் போய்ப் பரமேஸ் அன்ரியின் கதவைத் தட்டுவேன். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் அவர் வரும்வரை நான் அங்கேதான் இருப்பேன். அன்று அம்மா வேலை உடுப்போடு கட்டடத்தின் முன்வாசலில் நின்றார். என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“இண்டைக்கு மேலை போக வேண்டாம், பிள்ளை” என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. லிப்ற்றின் கதவு திறந்து, யாரும் ஏறாமலே மூடிக்கொண்டது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்குப் பரமேஸ் அன்ரியைக் கோயிலில் தெரிந்திருக்கும். மாலை கட்டுவார். ஓய்வுபெற்ற தாதி என்பதால் யாரைக் கண்டாலும் “பிறஷர் குளிசை போட்டனீங்களோ?” என்று கேட்பார். நான் எழுதப்போவது வேறொரு பரமேஸ் அன்ரியைப் பற்றி. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில், ரீவிக்கு முன்னால் எழுந்து நின்று கத்திய பரமேஸ் அன்ரி.

முதல் நாள் நான் அவரை “அம்மம்மா” என்று கூப்பிட்டேன். “இன்னொருக்கால் அப்பிடிக் கூப்பிட்டால் கதவு திறக்க மாட்டன். அன்ரி எண்டு சொல்லு” என்றார். நான் மூலையில் இருந்து புத்தகத்தை விரித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் பெரிய சத்தம் கேட்டது. “டேய், கண்ணுக்குள்ளை விரலை விடுறான்! மத்தியஸ்தர் எங்கை பாத்துக்கொண்டு நிக்கிறார்? விசர் மனுசன்!”

திரையில் ஓடியது பழைய பிரித்தானிய மல்யுத்தம். அரை நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தின் நகர மண்டபங்களில் நடந்தது. படம் மங்கல். மணியடித்து மணியடித்துச் சுற்றுச் சுற்றாக நடக்கும். பிழையாக அடிப்பவனுக்கு மத்தியஸ்தர் விரலை உயர்த்திப் பகிரங்க எச்சரிக்கை கொடுப்பார். ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர்; அது மேடைக்கு நடந்து வரும்போதே தெரிந்துவிடும். அன்ரியின் கெட்டவர், பட்டாளத்து அதிகாரி வேடத்தில் வரும் கேர்ணல் பிளாக். முறுக்கு மீசை, கக்கத்தில் ஒரு பிரம்பு, சனத்தைப் பார்த்து ஒரு திமிரான வணக்கம். அவருடைய ஆட்டங்களில் இணையத்தில் கிடைத்தவை மிகக் கொஞ்சம். ஆகவே அவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். முடிவு தெரிந்த ஆட்டத்தில்தான் அன்ரி இன்னும் பலமாகக் கத்தினார்.

கேர்ணலுக்கு அந்த அறையில் ஒரே ஒரு ஆதரவாளர் இருந்தார். ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் ரொன் அங்கிள். இங்கிலாந்தில் பிறந்து இந்த நாட்டுக்கு வந்தவர், சிறுவயதில் அங்கே தகப்பனோடு மல்யுத்தம் பார்க்கப் போனவர். அவர்கள் இருவரும் அறிமுகமானது எங்கள் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில். யாரோ ஒருவர் அன்ரியின் ஈர உடுப்புகளை இயந்திரத்திலிருந்து எடுத்து மேசையில் போட்டிருக்கிறார். அன்ரி அவருக்கு முன்னால் போய் ஒரு விரலை உயர்த்தி, “முதலாவது பகிரங்க எச்சரிக்கை!” என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். அங்கு நின்றவர்களில் ரொன் அங்கிள் ஒருவர்தான் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை, நடக்க ஊன்றும் தள்ளுவண்டியில் பிஸ்கற் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். அவர் அன்ரியை “நேர்ஸ்” என்றுதான் கூப்பிடுவார். கேர்ணல் கள்ள அடி அடிக்கும்போதெல்லாம் ரொன் அங்கிள் கைதட்டுவார். அன்ரி பிஸ்கற் பெட்டியை அவரிடமிருந்து எட்டத் தள்ளி வைப்பார்.

அன்ரியின் மகன் சேந்தன் அங்கிள் விட்பியில் இருக்கிறார். அம்மாவைப் பார்க்க அவ்வளவு தூரம் கார் ஓடி வருவார், ஆனால் நாலு மணிக்கு முன் போய்விடப் பார்ப்பார். ஒருநாள் பனி கொட்டியதால் போக முடியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“அம்மா, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது. உது முழுக்க நாடகம். ஆர் வெல்லுறதெண்டு முதலே கதைச்சு வைச்சிடுவாங்கள்.”

அன்ரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏன்ரா, கந்தசஷ்டிக்குக் கோயில்லை நீதானே சூரனைத் தூக்கி ஆட்டுறாய்?”

“ஓம்.”

“சூரன் ஒரு வருஷமாவது வெண்டவனோ?”

“அம்மா, அது சாமி விசயம்.”

“கேட்டதுக்குச் சொல்லு. வெண்டவனோ?”

“இல்லை.”

“தூக்கினால் தோள் நோகிறேல்லையோ?”

“ஒரு கிழமைக்கு நோகும்.”

“அப்ப அந்த மனுசனுக்கும் நோகும். பேசாமல் இருந்து பார்.”

நான் இதை ரொன் அங்கிளுக்கு மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வருடமும் கோயில் கார்த் தரிப்பிடத்தில், வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெற் போட்டவர்கள் சூரனின் பெரிய உருவத்தைத் தோளில் வைத்து ஆட்டுவதையும், முருகன் ஒவ்வொரு தலையாக வீழ்த்துவதையும், தெரிந்த முடிவுக்கு எல்லோரும் ஆரவாரம் செய்வதையும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, “தூக்குகிறவர்களில் யாராவது களைத்துப்போனால் எனக்குச் சொல். நான் சூரனின் பக்கம்” என்றார். சேந்தன் அங்கிளே சிரித்துவிட்டார்.

அன்ரி ஏன் இதை இவ்வளவு நேசித்தார் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நான் இங்கிலாந்துக்கு நேர்ஸிங் படிக்கப் போகேக்கை எனக்கு இருவது வயது. மழையும் ஆலைப் புகையுமா ஒரு ஊர். ஆஸ்பத்திரி வாட்டிலை வாய் திறக்கேலாது. ஒரு நோயாளி, என்ரை கை பட்ட தண்ணி வேண்டாமெண்டான். நான் ‘யெஸ் சேர்’ எண்டு கிளாஸைத் திருப்பிக் கொண்டு போனன். அந்த வியாழக்கிழமை கூடப் படிச்ச பிள்ளையள் மல்யுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதுகள். அங்கை நான் ஒரு வெள்ளைக்காரனைப் பாத்து, ‘கள்ளா, பொய்யா’ எண்டு தொண்டை கிழியக் கத்தினன். சுத்தி இருந்த வெள்ளைக்காரச் சனம் முழுக்க என்னோடை சேர்ந்து கத்தினது. பக்கத்திலை இருந்த மனுசி எனக்கு ரொபி இனிப்பு தந்தவ. அதுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையும் நான் விடேல்லை.”

ஒரு வியாழக்கிழமை கேர்ணல் பிளாக் மேடையிலிருந்து தூக்கி எறியப்பட்டு அன்ரியின் காலடியில் வந்து விழுந்தாராம். அன்ரி கையில் இருந்த குடையால் முதுகில் ஒன்று போட்டார். கேர்ணல் எழுந்து, மீசையைத் தடவி, குனிந்து வணங்கி, “மேடம், உள்ளே மழை பெய்யவில்லையே” என்றார். மண்டபமே எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கேலியாகக் கூ அடித்தது.

கொஞ்ச நாட்களில் அதே மனிதர் விலா எலும்பு முறிந்து அன்ரியின் வாட்டுக்கு வந்தார். நாடகம் என்கிறார்களே, அந்த எலும்பு மெய்யாகவே முறிந்திருந்தது. முறையிட்டு வேலையைப் பறித்துவிடுவாரோ என்று அன்ரி பயந்து பயந்து கட்டிலுக்குக் கிட்டப் போனார். அவர் மெல்லிய குரலில், “குடை கொண்டு வரவில்லையா?” என்றார். ஒவ்வொரு தேநீருக்கும் நன்றி சொல்லுகிற மனிதர். பின்னேரங்களில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்.

“போற அண்டு என்னைக் கூப்பிட்டார்” என்று அன்ரி சொன்னார். “‘வியாழக்கிழமை வந்தால் என்னைப் பாத்துச் சிரிச்சுப் போடாதையும். நீர் சிரிச்சால் என்ரை பிழைப்புப் போச்சு. வழமை போல ஏசும்’ எண்டார். அவர் திரும்பி வந்த அண்டு நானும் போனன். உடுப்புக்குள்ளை கட்டுப் போட்டிருக்கிறது அந்த மண்டபத்திலை எனக்கு மட்டும்தான் தெரியும். வாய் ஏசினது. கண் அந்த விலாவிலைதான் நிண்டது. அவர் என்ரை பக்கம் பாத்து கைமுட்டியைக் காட்டினார். அது எனக்கு மட்டும் காட்டினது, பிள்ளை.”

அன்றைக்கும் நாங்கள் கேர்ணலின் ஆட்டத்தைப் பார்த்தோம். அன்ரி வழக்கம்போல் ஏசினார். நான்தான் முதன்முறையாக அவருடைய கண்களைப் பார்த்தேன்.

இந்த வருடம் அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய சனிக்கிழமை, கதிரையில் சாய்ந்தபடி எங்கள் இருவரிடமும் ஒன்று கேட்டார். எனக்குத் தமிழிலும் ரொன் அங்கிளுக்கு ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னார்.

“என்ரை செத்தவீட்டிலை ஒராள் எழும்பி, ‘அதிர்ந்து ஒரு சொல் பேசாதவ’ எண்டு சொல்லும் பார். எல்லாப் பொம்பிளையளின்ரை செத்தவீட்டிலையும் அதைத்தான் சொல்லுறது. எனக்கு அதைச் சொல்லக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்த காலம் ஒண்டு இருந்தது. அதை நல்ல குணமெண்டு ஆரும் சொன்னால் என்னாலை படுத்திருக்கேலாது. ஆராவது மறியுங்கோ.”

எனக்கு நாலு பேருக்கு முன்னால் குரல் வராது என்றேன். “அப்ப ரொன் இருக்கிறார்” என்றார். ரொன் அங்கிள் சிரிக்கவில்லை. “சரி, நேர்ஸ்” என்று மட்டும் சொன்னார்.

இறுதிக் கிரியையில் உங்களில் பலர் இருந்தீர்கள். என்ன நடந்தது என்பதை உங்களில் சிலர் பிழையாக விளங்கிக்கொண்டதாக அறிந்தேன். அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன். தேவாரம் முடிந்தது. அன்ரி அரக்கு நிறச் சேலையில், நெற்றியில் திருநீறோடு படுத்திருந்தார். கோயில் சபையின் பெரியவர் ஒருவர் எழுந்து, கையில் இருந்த தாளைப் பார்த்து, “அம்மையார் அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். வாழ்நாளில் குரலை உயர்த்தியே அறியாதவர்” என்று வாசித்தார்.

“என்ன சொல்கிறார்?” என்று ரொன் அங்கிள் என் பக்கம் சரிந்து கேட்டார்.

நான் அவருடைய காதுக்குள் சொன்னேன்.

அவர் தள்ளுவண்டியைப் பிடித்து மெதுவாக எழுந்தார். ஒரு கையை வாயருகே குவித்தார். பிறகு அந்த நகர மண்டபங்களில் அடித்ததுபோல், நீளமாக, மூச்சு முடியும்வரை கூ அடித்தார்.

பெரியவர் தாளைப் பிடித்தபடி நின்றார். என் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். ரொன் அங்கிள் உட்காரவில்லை. அவருடைய முகம் நனைந்திருந்தது. அவரைத் தனியாக நிற்க விட எனக்கு மனம் வரவில்லை. நானும் எழுந்து கூ அடித்தேன். என் குரல் சிறியது. ஆனாலும் கேட்டது.

சேந்தன் அங்கிள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கிக்குப் போனார்.

“ஐயா, குறை நினையாதேங்கோ. அவை ரெண்டு பேரும் செய்தது சரி” என்றார். “நான் சின்னப் பொடியனா இருக்கேக்கை பஸ்ஸிலை ஒருத்தன் அம்மாவைத் தள்ளிப்போட்டு அவவின்ரை சீற்றிலை இருந்தான். அம்மா கத்தின கத்திலை டிரைவர் பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டார். எல்லாரும் பாத்தினம். நான் பின்னுக்குப் போய், ஆரோ தெரியாத ஆக்கள் மாதிரி நிண்டனான். அண்டு தொடக்கம் அம்மா மெல்லமாக் கதைச்சால் காணுமெண்டுதான் நினைச்சன். இண்டைக்கு அவ கத்தினால் நான் பக்கத்திலை நிப்பன்.”

பெரியவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அன்னதான வரிசையிலை இடையிலை புகுந்ததுக்கு எனக்கும் ஒருக்கால் நல்லா ஏசினவதான்” என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் திரும்ப அழுதார்கள்.

சில நாட்களின் பின் சேந்தன் அங்கிள் தொலைபேசியில், “துளசி, மலருக்கு நீதான் எழுத வேணும். அமைதியானவ எண்டு மட்டும் எழுதிப் போடாதை” என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் ஐந்தாம் மாடிக்குப் போகிறேன். முதல் கிழமை ரொன் அங்கிளின் ரீவியில் கேர்ணல் பிளாக் பிரம்போடு வந்து, சனத்தைப் பார்த்து வணங்கினார். ரொன் அங்கிள் கைதட்டவில்லை. பிஸ்கற் பெட்டி அவருக்குக் கிட்டவே இருந்தது. தள்ளி வைக்க யாரும் இல்லை. “யாரும் ஏசாவிட்டால் அவர் பாவம், சும்மா ஒரு மீசைக்காரர்” என்றார்.

நான் புத்தகத்தை மூடினேன். பிஸ்கற் பெட்டியை எட்டத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். “டேய் கள்ளா! பொய்யா!” என்று கத்தினேன். ரொன் அங்கிள் உடனே தள்ளுவண்டியில் தட்டி, “சபாஷ், கேர்ணல்!” என்றார்.

பரமேஸ் அன்ரியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் குரலைத்தான். அது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, நடுவில் உடைகிறது. திரையில் கேர்ணல் மீசையைத் தடவிக்கொண்டு கயிற்றுக்கு அருகே வருகிறார். அவர் தோற்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் அவருடைய விலாவைப் பார்த்தபடி, வழமை போல ஏசுகிறேன்.