பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்

போன ஞாயிறு காலை பெங்களூரில் ஒரு மண்டபத்தில், தங்கச்சி மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். காது குத்து. நான் தாய்மாமன். எங்கள் அப்பா, அம்மா இப்போது இல்லை. அதனால் அவளுக்குப் பிறந்த வீடு என்றாலும் நான்தான்.

ஆனால் உட்கார்ந்திருந்தது எங்கே தெரியுமா? ஓசூர் தாண்டி, ஹைவே ஓரம், நின்றுபோன என் டீசல் காருக்குப் பக்கத்தில்!

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னும் கூச்சமாக இருக்கும் போலிருக்கிறது…

கார் வாங்கும் முன் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவன் நான். ஹைப்ரிட் விலையைக் கேட்டு மயக்கம் வந்தது. சிஎன்ஜி என்றால் சிலிண்டர் போக டிக்கியில் ஒரு முட்டை அட்டை வைக்கவும் இடமிருக்காது. நாமக்கல்லில் இருந்துகொண்டு அது முடியுமா? பாண்டிச்சேரியில் ரோடு டாக்ஸ் குறைச்சல் என்று, அங்கே விலாசம் உள்ள சொந்தக்காரர் யாராவது தேறுவாரா என்றுகூடத் தேடினேன். கடைசியில் டீசல். மைலேஜ் ஒரு காரணம். இன்னொன்று – கர்நாடகாவில் பெட்ரோல் நம்மைவிட விலை கூட, டீசல் குறைச்சல். தங்கச்சி வீட்டுக்கு அடிக்கடி போகிறவனுக்கு எவ்வளவு லாபம்!

எங்கள் ஊர் லாரிக்காரர்கள் பார்டர் தாண்டித்தான் டேங்க்கை ரொப்புவார்கள். அவர்களுடையது அண்டா மாதிரி டேங்க். நியாயம். என்னுடையது சொம்பு. அதற்கும் அதே கணக்கு!

கிருஷ்ணகிரி தாண்டும்போதே என் மனைவி சொன்னாள்.

“ஏனுங்க, முள்ளு அடியில கெடக்குதுங்க. பங்க் வருது, போட்டுக்கலாங்க.”

“பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம். இன்னும் அறுபது கிலோமீட்டர் ஓடும்னு வண்டியே காட்டுது பாரு.”

வழியெல்லாம் மேடு, ஏசி, பின் சீட் நிறைய சீர்த்தட்டு, ஓசூரில் ஊர்ந்த டிராஃபிக்… வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி நின்றது. ஆட்டோவில் போய் கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றினேன். ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் வண்டியில் டேங்க் வறண்டால் பைப்பில் காற்று புகுந்துவிடும், அதை வெளியே எடுத்தால்தான் இன்ஜின் பேசும். நாமக்கல்காரனுக்கு இது தெரியாமலா? தெரியும். நம் காருக்கு நடக்காது என்று ஒரு மிதப்பு.

இதுவரை முட்டாள்தனம். இனிமேல்தான் கேவலம்.

“நீங்க ஒரு டாக்ஸி புடிச்சுப் போங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்” என்றாள் மனைவி. டாக்ஸிக்காரரும் வந்தார். “பார்டர் தாண்டுனா பர்மிட் தனிங்க, ரிட்டர்ன் காசும் தரோணுங்க” என்றார். மெக்கானிக் இதோ வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தார். நான் டாக்ஸியை அனுப்பிவிட்டேன்.

மெக்கானிக்கின் ‘இதோ’ எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கச்சி போன் மேல் போன். டீசல் தீர்ந்த கதையை முதல் போனிலேயே என் மனைவி அவளிடம் சொல்லிவிட்டாள்.

“எங்கண்ணா வாரீங்க? நல்ல நேரம் முடியப் போகுது. ஆசாரி வேற ஊட்டுக்குப் போகோணுங்கறாரு.”

“வாரேன் சாமி, வந்துட்டேன்.”

தோடு போன மாதமே வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது என் மடி மட்டும்தான்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தங்கச்சி ஓடி வந்து என்னை ஓரமாக இழுத்துப் போனாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“நானே மடியில வெச்சுக்கிட்டேனுங்கண்ணா” என்றாள். கண் சிவந்திருந்தது. “வழியில ஆக்சிடென்ட்டு, ரோடே பிளாக்குன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். நீங்க டீசல் கதையச் சொல்லிப்போடாதீங்க.”

அவளுக்கு என்னால் வருத்தம் என்றால் தாங்கியிருப்பேன். என்னால் வெட்கம். சீர்த்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கரைந்துபோய்விடலாமா என்றிருந்தது.

அதற்குள் அவள் மாமியார் வந்துவிட்டார். குத்திப் பேசப் போகிறார் என்று தயாராக நின்றேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“நேரம் போனாப் போவுது சாமி. பாவம், அடிபட்டவங்களுக்கு உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?”

“ஒண்ணுமில்லீங்க அத்தை. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

கண்ணை மூடி, யாரென்றே தெரியாத அந்த ஆட்களுக்காக வேண்டிக்கொண்டார். பிறகு என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். நான் குனிந்தே நின்றேன். நிமிர்ந்தால் தங்கச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் திரும்பும்போது டேங்க்கை முழுசாக ரொப்பிக்கொண்டேன். பார்டருக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.